கிளட்சை மிதிச்சா எஞ்சின் ஏன் ஆஃப் ஆகுது?

இன்னைக்கு ஒரு கார் கதை. "எனக்குக் கார் ஓட்டவே தெரியாது"ன்னு யாரும் ஸ்கிப் பண்ண வேண்டாம். இது டீபக்கிங் கதையும் கூட. ஆபீஸ்ல நாம தினமும் பண்ற அதே வேலை, இந்த முறை பானெட்டுக்கு அடியில.

எங்க வீடு கும்மிடிப்பூண்டி. சென்ட்ரல்ல இருந்து மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டி புறநகர் ரயில் வந்து நிக்கிற ஊர். அப்பா இங்க சிப்காட்ல ஒரு ஸ்டீல் ரோலிங் மில்லுல ரொம்ப வருஷம் வேலை பார்த்தவர். ரிடையர் ஆன பிறகும் வாரத்துல நாலு நாள் போயிட்டு வருவார். வீட்டுல இருந்து மில்லுக்கு 4 கிலோமீட்டர். 2014 மாடல் பெட்ரோல் ஹாட்ச்பேக், மேனுவல் கியர். எந்த கம்பெனின்னு கேக்காதீங்க, விஷயம் அது இல்ல.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி அம்மா போன் பண்ணாங்க. "அப்பா இனிமே கார் எடுக்க மாட்டாராம், வித்துடலாம்னு சொல்றாரு. நீ வந்து பேசு." மறுநாள் காலையில ரயிலேறிப் போனேன். நடந்தது இதுதான். அப்பா சாயங்காலம் மில்லுல இருந்து திரும்பி வர்றார். நெடுஞ்சாலையை ஒட்டின சர்வீஸ் ரோட்டுல ஒரு திருப்பம். வேகத்தைக் குறைக்கக் கிளட்சை மிதிச்சிருக்கார். எஞ்சின் பட்டுன்னு ஆஃப். ஸ்டீயரிங் கல்லு மாதிரி ஆயிடுச்சு. பின்னாடி இரும்பு ஏத்தின ட்ரெய்லர் ஒண்ணு ஹார்ன் அடிச்சுக்கிட்டே வந்து, கடைசி நேரத்துல ஒதுங்கிப் போயிருக்கு.

அது முதல் தடவை இல்லையாம். ரெண்டு வாரமாவே அப்பப்போ நடக்குது. ரெண்டு பட்டறையில காட்டியிருக்கார். முதல் மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு, "வண்டி நல்லாத்தான் இருக்கு சார். நீங்கதான் கிளட்சைச் சரியா விடல"ன்னு சொல்லிட்டார். ரெண்டாவது ஆள், "கிளட்ச் செட்டே போச்சு, மாத்தணும், 12,000 ஆகும்"னு சொன்னார்.

அப்பாவுக்குப் பணம் கூட பிரச்சினை இல்ல. அவர் என்கிட்ட சொன்னது, "டேய், கால் முன்ன மாதிரி இல்லடா. வயசாயிடுச்சு. யாரையாவது இடிச்சுடப் போறேன்." நாற்பது வருஷமா வண்டி ஓட்டுற மனுஷன்.

எனக்குத் தோணின முதல் கேள்வி: முதல் மெக்கானிக் ஓட்டினப்போ ஏன் ஆஃப் ஆகல? இது நம்ம ஆபீஸ் டயலாக்தானே, "என் மெஷின்ல ஓடுதே!" ஒரு பக் ஒருத்தருக்கு வந்து இன்னொருத்தருக்கு வரலைன்னா, பக் இல்லைன்னு அர்த்தம் இல்ல. சூழ்நிலையில ஏதோ வித்தியாசம் இருக்குன்னு அர்த்தம்.

கிளட்ச் உண்மையில என்ன பண்ணுது?

முதல்ல இந்த அடிப்படையைப் புரிஞ்சுக்கலாம். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல இருக்கிற இணைப்புதான் கிளட்ச். பெடலை மிதிச்சா அந்த இணைப்பு பிரியும். விட்டா சேரும்.

கார் மூணாவது கியர்ல 40 கிலோமீட்டர் வேகத்துல போகுது, ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டீங்கன்னு வைங்க. அந்த நேரத்துல எஞ்சின் சக்கரத்தைச் சுத்தல. சக்கரம்தான் எஞ்சினைச் சுத்துது. இப்போ இருக்கிற பெட்ரோல் கார்கள்ல இந்த நேரத்துல எஞ்சின் கம்ப்யூட்டர், அதாவது ஈசியு, பெட்ரோலையே நிறுத்திடும். எப்படியும் சக்கரம் சுத்தி விடுது, எரிபொருள் எதுக்குன்னு ஒரு சிக்கனம்.

இப்போ கிளட்சை மிதிக்கிறீங்க. சக்கரத்தோட உதவி அந்த நொடியே போயிடுது. எஞ்சின் வேகம் மளமளன்னு இறங்கும். 1,900 ஆர்பிஎம்-ல இருந்து 800-க்குள்ள வர ஒண்ணு ரெண்டு நொடிதான். அதுக்குள்ள ஈசியு திரும்பப் பெட்ரோலைத் திறந்து விடணும், சரியான அளவு காத்தைக் கொடுக்கணும், சரியா ஸ்பார்க் கொடுத்து எஞ்சினை ஐட்லிங்ல தாங்கிப் பிடிக்கணும். பிடிக்க முடியலைன்னா 800-ஐத் தாண்டிக் கீழ போய் எஞ்சின் நின்னுடும்.

ஆக, கிளட்சை மிதிச்ச உடனே ஆஃப் ஆகுதுன்னா, பல நேரம் கிளட்ச் குற்றவாளி இல்ல. எஞ்சின் தன் சொந்தக் கால்ல நிக்க முடியாம ஏற்கெனவே தடுமாறிக்கிட்டு இருந்திருக்கும். அதுவரைக்கும் சக்கரம் தாங்கிக்கிட்டு இருந்ததால யாருக்கும் தெரியல. லாக்ல கடைசி வரியா இருக்கிற ஃபங்ஷன் மேல பழி போடுற மாதிரிதான் கிளட்ச் மேல பழி போடுறதும்.

"பல நேரம்"னுதான் சொன்னேன், "எப்பவும்"னு சொல்லல. கிளட்சே காரணமா இருக்கிற சந்தர்ப்பங்களும் உண்டு. அதனால ஊகிக்கக் கூடாது, பிரிச்சுப் பார்க்கணும்.

ஞாயிற்றுக்கிழமை சோதனை

ஞாயிறு காலையில சிப்காட் உள்ள ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு நேர் ரோட்டுக்குப் போனோம். நான் ஓட்ட, அப்பா பக்கத்துல. என் கையில ஒரு ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர். ஸ்டீயரிங்குக்குக் கீழ இருக்கிற போர்ட்ல சொருகினா, எஞ்சின் வேகம், சூடு எல்லாம் போன்ல தெரியும்.

முதல் சோதனை: வண்டி நின்ன இடத்துலயே, நியூட்ரல்ல, கிளட்சை மிதிச்சு மிதிச்சு விடுறது. ஏன்னா, கிளட்சை மிதிக்கும்போது ரிலீஸ் பேரிங், எஞ்சினோட கிராங்க் ஷாஃப்டை நீளவாக்குல தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்குறதுக்கு உள்ளே த்ரஸ்ட் வாஷர்னு ஒண்ணு இருக்கு. அது தேஞ்சு போயிருந்தா, நின்ன இடத்துலயே கிளட்சை மிதிக்கும்போது எஞ்சின் திணறும், ஆஃப் கூட ஆகலாம். இது பெரிய செலவு. எஞ்சின் முன்பக்க புல்லி உள்ளேயும் வெளியேயும் அசையுதான்னு இன்னொருத்தர் தள்ளி நின்னு பார்த்தா தெரியும். எங்க வண்டியில பத்து தடவை மிதிச்சும் ஆர்பிஎம் அசையல. ஒண்ணு கழிஞ்சது.

ரெண்டாவது: கிளட்ச் முழுசா பிரியுதா? சமதளத்துல முதல் கியர் போட்டு, கிளட்சை முழுசா மிதிச்சு, பிரேக்கை விட்டேன். வண்டி நகர்ந்தா கிளட்ச் பிரியாம இழுக்குதுன்னு அர்த்தம். அப்படி இருந்தா கியர்ல பிரேக் போட்டு நிறுத்தும்போது எஞ்சினையும் சேர்த்து இழுத்து நிறுத்திடும். ரிவர்ஸ் போடும்போது கரகரன்னு சத்தம் வர்றதும் இதுக்கு ஒரு அறிகுறி. எங்க வண்டி நகரல, சத்தமும் இல்ல.

மூணாவது சோதனைதான் முக்கியம். 40-ல போய் ஆக்ஸிலரேட்டரை விட்டு, கிளட்சை மிதிச்சேன். ஆர்பிஎம் 500-க்குப் போய், வண்டி ஒரு நடுங்கு நடுங்கி, திரும்ப ஏறுச்சு. மறுபடியும் பண்ணேன். இந்த தடவை செத்துடுச்சு. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, "உனக்குமாடா?"ன்னு கேட்டார். ரெண்டு வாரத்துல அவர் முகத்துல முதல் தடவையா ஒரு சிரிப்பு.

அடுத்தது அதே வேகத்துல, கிளட்சை மிதிச்சு நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, உடனே கிளட்ச் பெடல்ல இருந்து காலை எடுத்துட்டேன். இப்போ கிளட்ச் பெடலை யாருமே தொடல. அப்பவும் எஞ்சின் செத்துச்சு. 12,000 ரூபாய் கிளட்ச் செட்டுக்கு அந்த இடத்துலயே விடுதலை.

நாலாவது: பிரேக். இதைப் பலரும் யோசிக்கிறதே இல்ல. வண்டியை நிறுத்தும்போது கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்துத்தானே மிதிக்கிறோம்? பிரேக் பூஸ்டர் எஞ்சினோட வேக்யூமை வச்சு வேலை செய்யுது. அதுல ஓட்டை இருந்தா பிரேக் மிதிக்கும்போதெல்லாம் கணக்குல வராத காத்து எஞ்சினுக்குள்ள போகும், ஐட்லிங் குலையும். வண்டி நின்னுக்கிட்டு இருக்கும்போது பிரேக்கை நாலஞ்சு தடவை மிதிச்சுப் பாருங்க. புஸ்ஸுன்னு சத்தமோ, ஆர்பிஎம் ஆட்டமோ இருக்கான்னு. எங்களுக்கு இல்ல.

அஞ்சாவது: ஏசி. ஏசியை அணைச்சுட்டு மூணாவது சோதனையைத் திரும்பப் பண்ணேன். ஆர்பிஎம் கீழ போச்சு, ஆனா சாகல. ஆன் பண்ணேன், செத்துச்சு. ஏசி கம்ப்ரஸர் எஞ்சினுக்கு ஒரு கூடுதல் சுமை. முதல் மெக்கானிக்குக் கேட்டுப் பார்த்தோம், அவர் ஏசி போடாமத்தான் ஓட்டியிருக்கார். அப்பா மே மாச வெயில்ல ஏசி இல்லாம ஓட்டவே மாட்டார். "என் மெஷின்ல ஓடுதே"க்குப் பதில் கிடைச்சாச்சு.

ஸ்கேனர்ல எரர் கோட் எதுவும் இல்ல. டேஷ்போர்டுல எஞ்சின் லைட்டும் எரியல. லைட் எரியலைன்னா கோளாறு இல்லைன்னு நினைச்சுடாதீங்க. ஒவ்வொரு சென்சாரும் தன் வரம்புக்குள்ள இருந்தா ஈசியு புகார் சொல்லாது.

எப்போல இருந்து?

ஆக, சந்தேகம் ஐட்லிங் மேல. ஐட்லிங்ல காத்து எப்படி உள்ளே போகுதுன்னு பார்க்கலாம். த்ராட்டில் பாடின்னு ஒரு குழாய், அதுக்குள்ள ஒரு வட்டத் தகடு. ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா தகடு திறக்கும். ஐட்லிங்ல அது கிட்டத்தட்ட மூடியிருக்கும், மெல்லிசா ஒரு இடைவெளி மட்டும். பழைய கார்கள்ல ஐட்லிங் காத்துக்குன்னு தனி வால்வு இருந்தது. எங்களோடது மாதிரி எலக்ட்ரானிக் த்ராட்டில் இருந்தா, ஈசியு மோட்டார் வச்சுத் தகட்டையே கொஞ்சமா திறந்து பிடிக்கும்.

எஞ்சினுக்குள்ள இருந்து திரும்பி வர்ற எண்ணெய் ஆவியும் தூசும் சேர்ந்து அந்தத் தகட்டோட ஓரத்துல கறுப்பா படியும். குறைஞ்ச தூரமே ஓடி எஞ்சின் முழுசா சூடேறாத வண்டின்னா படிவு இன்னும் மோசம். தினமும் 4 கிலோமீட்டர், அதுவும் சிப்காட் புழுதியில. புரியுதா? படிவு ஏற ஏற இடைவெளி குறையும். ஈசியு அதைக் கவனிச்சு, தகட்டை இன்னும் ஒரு துளி கூடுதலா திறக்கக் கத்துக்கும். வருஷக்கணக்குல இப்படி ஈடுகட்டிக்கிட்டே வரும். ஓட்டுறவருக்கு ஒண்ணுமே தெரியாது.

அப்படின்னா ரெண்டு வாரத்துக்கு முன்னாடி திடீர்னு ஏன் ஆரம்பிச்சது? படிவு ஒரே நாள்ல வராதே!

நான் கேட்ட உடனே அப்பா டேஷ்போர்டு பெட்டியைத் திறந்து ஒரு நோட்டை எடுத்தார். மில்லுல ஷிப்ட் லாக் எழுதின பழக்கம், காருக்கும் எழுதுவார். பெட்ரோல் எத்தனை லிட்டர், கிலோமீட்டர் எவ்வளவு, காத்து எப்போ பிடிச்சது. அதுல ஒரு வரி: "புது பேட்டரி மாற்றியது." அதுக்கு அடுத்த நாள்: "வண்டி ஒருமுறை நின்றது. கிளட்ச் சரியாக விடவில்லை." அதுக்கப்புறம் வந்த ஒவ்வொரு தடவையும் அதே மாதிரிதான் எழுதியிருந்தார். எல்லாப் பழியையும் தன் கால் மேலேயே போட்டிருந்தார்.

பேட்டரியைக் கழட்டினா பல கார்கள்ல ஈசியு கத்து வச்சிருந்த அந்த ஐட்லிங் ஈடுகட்டல் அழிஞ்சு போயிடும். ஈசியு தொழிற்சாலையில இருந்து வந்த நாள் மாதிரி, தகடு சுத்தமா இருக்குன்னு நம்பிக்கிட்டுக் கணக்குப் போடும். ஆனா தகடோ பத்து வருஷ அழுக்கோட இருக்கு. தேவையான காத்து கிடைக்காது. கிளட்சை மிதிச்ச உடனே ஆர்பிஎம் சரியும்போது தாங்கிப் பிடிக்க முடியாது.

சரி, ரெண்டு வாரத்துல திரும்பக் கத்துக்கக் கூடாதா? கத்துக்கும், ஆனா அதுக்குச் சில நிபந்தனைகள் உண்டு. எஞ்சின் முழுசா சூடாகி, ஏசி மாதிரி சுமை இல்லாம, நின்ன இடத்துல சில நிமிஷம் ஐட்லிங்ல ஓடணும். அப்பாவோட 4 கிலோமீட்டர் பயணத்துல ஏசி போட்டபடியே கிளம்பி, போய்ச் சேர்ந்ததும் சாவியைத் திருப்பிடுவார். கத்துக்க வண்டிக்கு வாய்ப்பே கிடைக்கல.

சரிசெஞ்சது எப்படி?

திங்கட்கிழமை லீவு போட்டுட்டு, அதே முதல் மெக்கானிக்கிட்டத்தான் போனோம். நோட்டையும் ஆர்பிஎம் கிராஃபையும் காட்டினேன். அவர் ஒரு நிமிஷம் பார்த்துட்டு, "தம்பி, ஏசி போட்டு ஓட்டிப் பார்த்திருக்கணும், தப்புதான்"னு நேர்மையா ஒத்துக்கிட்டார். த்ராட்டில் பாடியைக் கழட்டினார். தகட்டோட ஓரம் முழுக்கத் தார் பூசின மாதிரி இருந்தது. அதுக்குன்னே விக்கிற க்ளீனர் ஸ்ப்ரேயைத் துணியில அடிச்சுத் துடைச்சார். ஏர் ஃபில்டரும் அடைச்சுப் போயிருந்தது, மாத்தினார். அப்புறம் ஐட்லிங் ரீலேர்ன். மொத்தம் 2,000 ரூபாய்க்குள்ள முடிஞ்சது.

வீட்டுல நீங்களே பண்ணப் போறீங்கன்னா ரெண்டு எச்சரிக்கை. எலக்ட்ரானிக் த்ராட்டில் தகட்டை விரலால அழுத்தித் திறக்காதீங்க, உள்ள இருக்கிற பல் சக்கரம் கெட்டுப் போகும். சுத்தம் பண்ணின உடனே ஐட்லிங் அதிகமா ஓடினா பயப்படாதீங்க. அழுக்குக்காகக் கத்துக்கிட்ட கணக்கு இப்போ சுத்தமான தகட்டுக்குப் பொருந்தல, அவ்வளவுதான். ரீலேர்ன் முறை காருக்குக் கார் மாறும். சில வண்டிகளுக்கு ஸ்கேனர் வழியாத்தான் பண்ண முடியும்.

எல்லாருக்கும் த்ராட்டில் பாடிதான் காரணம்னு நான் சொல்லல. வேக்யூம் ஹோஸ் கிழிஞ்சிருக்கலாம். கிராங்க் சென்சார் சூட்டுல சிக்னலை விடலாம். கிளட்ச் பெடல்ல இருக்கிற ஸ்விட்ச் சில கார்கள்ல ஈசியுவுக்குத் தப்பான தகவல் கொடுக்கலாம். பெட்ரோல் பம்ப் பலவீனமா இருக்கலாம். இந்தக் கடைசி விஷயத்துல தப்பு உங்க பக்கமோ மெக்கானிக் பக்கமோ இல்லாமலும் போகலாம். 2020 ஜூலையில மாருதி சுசூகி, பெட்ரோல் பம்ப் கோளாறு இருக்கலாம்னு வேகன்ஆர், பலேனோ வண்டிகள் 1,34,885-ஐச் சோதனைக்குத் திரும்பக் கூப்பிட்டாங்க. அதே வருஷம் ஹோண்டாவும் அதே மாதிரி ஒரு பம்ப் பிரச்சினைக்காகத் திரும்பக் கூப்பிட்டாங்க. அதனால செலவு பண்றதுக்கு முன்னாடி, உங்க காரோட சேசிஸ் நம்பரைக் கம்பெனி இணையதளத்துல போட்டு, ரீகால் இருக்கான்னு பாருங்க. இருந்தா இலவசமா மாத்திக் கொடுப்பாங்க.

ஓடும்போதே ஆஃப் ஆனா?

இதை மட்டும் மறக்காதீங்க. எஞ்சின் நின்னா பிரேக் உடனே போயிடாது. பூஸ்டர்ல மிச்சம் இருக்கிற வேக்யூம் ஒண்ணு ரெண்டு மிதிக்குப் போதும். அதனால பிரேக்கை விட்டு விட்டு பம்ப் பண்ணாதீங்க. ஒரே சீரா அழுத்தி மிதிங்க. மிச்ச வேக்யூமும் தீர்ந்துட்டா பெடல் கல்லாயிடும். அப்பவும் பலமா மிதிச்சா பிரேக் பிடிக்கும். ஸ்டீயரிங் கனமாகும், ஆனா திரும்பும். சாவியை உருவிடாதீங்க, ஸ்டீயரிங் லாக் விழுந்துடும். ஹசார்ட் லைட் போடுங்க, இடது ஓரம் வாங்க. வண்டி நல்லா உருண்டுக்கிட்டு இருந்தா, சாவி ஆன்ல இருக்க, ரெண்டாவது இல்ல மூணாவது கியர் போட்டு கிளட்சை மெதுவா விட்டா சக்கரமே எஞ்சினைக் கிளப்பிடும். தேசிய நெடுஞ்சாலையில மாட்டிக்கிட்டா 1033-க்குக் கூப்பிடுங்க.

மெக்கானிக்கிட்ட போகும்போது "கிளட்ச் போச்சுன்னு நினைக்கிறேன்"னு சொல்லாதீங்க. என்ன நடந்ததுன்னு சொல்லுங்க. எந்த வேகத்துல, எந்த கியர்ல, ஏசி ஆன்ல இருந்ததா, எஞ்சின் சூடா இருந்ததா, எப்போல இருந்து, அதுக்கு முன்னாடி வண்டியில என்ன வேலை நடந்தது. நாம ஊகத்தைச் சொன்னா அவங்க ஊகத்துக்குத்தான் பில் போடுவாங்க.

அன்னைக்குச் சாயங்காலம் அப்பாதான் வண்டியை எடுத்தார். ஏசி ஃபுல்லா வச்சு, அதே சர்வீஸ் ரோடு, அதே திருப்பம். கிளட்சை மிதிச்சார். முள் 800-ல வந்து நின்னுச்சு. திரும்பவும் ஒரு ரவுண்டு போய் இன்னொரு தடவை மிதிச்சுப் பார்த்தார். வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்து எழுதினார்: "த்ராட்டில் சுத்தம் செய்தது. வண்டி நிற்கவில்லை." அம்மாகிட்ட, "ஞாயித்துக்கிழமை பெரியபாளையம் கோயிலுக்குப் போலாமா?"ன்னு கேட்டார். வண்டியை விக்கிற பேச்சை அதுக்கப்புறம் எடுக்கல.

உங்க வீட்டுலயும் ஒருத்தர் "எனக்கு வயசாயிடுச்சு, அதான்"னு சொல்லிட்டு சாவியைக் கொடுத்தா, முதல்ல அந்த வண்டியை ஒரு ரவுண்டு நீங்க ஓட்டிப் பாருங்க. அவர் ஓட்டுற மாதிரியே, ஏசியும் போட்டு.